நடக்காத ஆபரேஷனுக்குப் பத்தியம்

என் தங்கைக்குக் கண்ணில் புரை நீக்கும் ஆபரேஷன் நடக்கவில்லை. ஆனால் நடந்துவிட்டது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். பத்தியச் சோறு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சாட்சி வேண்டுமென்றால் கூப்பிடலாம்.

நான் சுகாதாரத் துறையின் அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடத் தெரியாது; ஊசி வாங்க எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரியும். எந்த நோயாளியை யார் பார்க்க வேண்டும், பார்க்க மறுத்தால் யாரிடம் முறையிட வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. தங்கை மட்டும் என்னை "சூப்பிரண்டு" என்று கூப்பிடுவாள், பெரும்பாலும் நான் குழம்பில் குறை சொல்லும்போது.

அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவள் கணவர் இறந்த வருஷத்தில் தெரிந்தது. எப்படி வந்தது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. வைத்தியத்துக்கு அந்தப் பதில் தேவைப்படுவதில்லை, ஆகவே நானும் எழுதவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ரத்தத்தில் கிருமி இருப்பது இயந்திரத்துக்கே தெரியாத அளவுக்குக் குறைந்து பல வருஷமாகிறது. நாங்கள் இருவரும் ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். அவள் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பாள், ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டுவாள். நான் பேப்பர் படிப்பேன்.

அவளுடைய பெரிய நோய்க்கு அரசாங்கம் எந்தக் குறையும் வைக்கவில்லை. தனி மையம், தனி டாக்டர், தனி ஆலோசகர், மாத்திரை இலவசம். சிக்கலெல்லாம் சின்ன நோய்களில்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், மரியாதையானவர். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். தங்கை உள்ளதைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"நீங்க உங்க சென்டர்லயே காமிச்சிருங்களேன். அங்கதான் உங்களுக்குக் கரெக்டா பாப்பாங்க."

"காய்ச்சல்தானே டாக்டர்?" என்றேன்.

"அதான் மேடம். எதுக்கும் ஸ்பெஷலா பாத்துட்டா நல்லதுல்ல?"

பஸ் பிடித்து மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த ஆலோசகர் தங்கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "காய்ச்சல் சளிக்கெல்லாம் இம்புட்டு தூரம் வரலாமாம்மா? உங்க ஊர்ப் பக்கத்துலயே பி.எச்.சி. இருக்குல்ல? அங்க பாக்கணும்கிறதுதான் ரூல்ஸே."

அவர் சொன்னது சரி. அந்த விதி எனக்கும் தெரியும். டாக்டரும் தவறாக எதுவும் பேசிவிடவில்லை. இரண்டு சரியான இடங்களுக்கு நடுவே காய்ச்சல் தானாக இறங்கியது.

அதிலிருந்து தங்கை ஒரு பதிலைக் கற்றுக்கொண்டாள். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யார் கேட்டாலும் "இல்லீங்க." அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உட்கார ஸ்டூல் கிடைத்தது, ஊசி கிடைத்தது, "நல்லாத் தூங்குங்கம்மா" என்ற அக்கறையும் கிடைத்தது. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை அவளுடைய மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. அதைச் சொல்ல வேண்டிய டாக்டருக்கு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது தெரியாது. ஆகவே நான் சொன்னேன்.

"பாத்தியா, சூப்பிரண்டு வீட்லயே இருக்கு. பி.எச்.சி. எதுக்கு?" என்றாள்.

பிறகு வலது கண்ணில் புரை வந்தது. இடது கண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஊசி, நூல், பஸ் எல்லாமே வலது கண்ணை நம்பித்தான். முதலில் ஊசி கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு பஸ் போர்டு படிக்க முடியாமல் போனது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்ஸின் முகப்பில் ரோஸ் நிறம் அடித்திருப்பார்கள். அந்த நிறத்தைப் பார்த்து ஏறிவிடுவாள். ரோஸ் நிறத்தில் எல்லாத் திசைக்கும் பஸ் உண்டு. ஒருநாள் மாத்திரை வாங்கப் போனவள் எதிர்த்திசையில் போய்க் கடலைக்காட்டுக்கு நடுவே இறங்கி நின்றாள்.

வழி தவறியதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "தெரிஞ்சவுக யாராச்சும் பாத்துட்டு, நான் கொண்டாந்து விடுறேன் வா ஆத்தான்னு கூடவே வந்துட்டா என்னக்கா செய்றது?" என்றாள். நான் துணைக்கு வருகிறேன் என்றால் அதற்கும் ஒப்பவில்லை. "மாசாமாசம் ரெண்டு பேரும் வீட்டப் பூட்டிட்டுப் போனா தெரு கேக்காதா?" தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவதால்தான் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. கண் போனால் அதுவும் போகும். இதை அவள் அழுது சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எந்த ஊராக இருந்தாலும் நடந்ததில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. ஆபரேஷன் என்றால் எப்படியும் ரத்தம் பார்ப்பார்கள் என்பதால் கண் பிரிவில் உண்மையைச் சொன்னோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. "பண்ணிரலாம்மா. வியாழக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு வந்துருங்க" என்றார்கள்.

வியாழக்கிழமை போனோம். தியேட்டர் வாசலில் இருந்த ஊழியர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ரெட்ரோ கேஸ் வந்துருச்சு, கடைசி" என்றார். ரெட்ரோ என்றால் என்னவென்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. எச்.ஐ.வி. என்று சொல்லாமல் சொல்வதற்கு அது ஆஸ்பத்திரிக்காரர்களின் நாகரிகம். கடைசி என்பது எல்லோருக்கும் புரிந்தது. இந்த மாதிரி ஆளுக்குச் செய்தால் பிறகு தியேட்டரைக் கழுவ வேண்டும், ஆகவே கடைசி. எல்லா ஆளுக்குப் பிறகும் ஒரே மாதிரிதான் சுத்தம் செய்ய வேண்டும், யார் ரத்தத்தையும் ஒன்றுபோலவே பாவிக்க வேண்டும் என்பது விதி. அதை அந்த ஊழியரிடம் சொன்னேன்.

"கரெக்டுதான் மேடம். ஆனா இங்க வழக்கம் இது."

வழக்கம் உள்ளே வந்தால் அரசாணை எழுந்து நின்று நாற்காலி கொடுக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். கடைசி ஆளின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வியாழன் லென்ஸ் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் டாக்டர் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு முறையும் தங்கை ஈரத் தலையோடு போய், உலர்ந்த தலையோடு திரும்பினாள்.

இதற்கு முறையிட வழி இருக்கிறது. அதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. புகாரில் அவள் பெயரையும் நோயையும் எழுத வேண்டும். எழுதித் தரவா என்று கேட்டேன். "அந்த அதிகாரி மட்டுமா படிப்பாரு? டைப் அடிக்கிறவுக, தபால் பிரிக்கிறவுக எல்லாரும் படிப்பாகள்ல?" என்றாள். தபால் பிரிப்பவர்களை எனக்குத் தெரியும். ஆகவே மேற்கொண்டு பேசவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் வந்தது. நடத்தியது வெளியூர்த் தர்ம ஆஸ்பத்திரி ஒன்று. வேனில் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்து, ஒரு ராத்திரி தங்கவைத்து, மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். எதிர்வீட்டு மதினிக்கும் கண்ணில் புரை இருந்தது. மதினி என்பது ரத்த உறவில் வந்த முறை அல்ல, தெருவில் வந்த முறை.

"ஏத்தா, நீ மொதல்ல போயிட்டு வா. ஒனக்கு நல்லா வந்துருச்சுன்னா அடுத்த தடவ நான் போறேன்" என்றார் தங்கையிடம்.

"ஏன் மதினி, எனக்குக் கண்ணு போனாப் பரவாயில்லையாக்கும்?"

"ஒனக்கென்ன, வீட்ல ஆபீசரம்மா இருக்காக, கேஸ் போடுவாக. எனக்கு யாரு இருக்கா?"

பெயர் எழுதும்போது தெருவே சுற்றி நின்றதால் தங்கை தன் வழக்கமான "இல்லீங்க"வையே சொன்னாள். துணை ஆள் வேனில் ஏறக் கூடாது என்பது முகாமின் விதி. விதியை மதிக்கிறவள் ஆகையால் பின்னாலேயே பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கண் என்று தெரிவதற்காக வலது புருவத்துக்கு மேலே பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் விட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவளை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

முகாம் பொறுப்பாளர் நல்ல மனிதர். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. முகாம் கேஸுக்கு எங்ககிட்ட இதுக்கான வசதி இல்ல. கவர்மெண்ட்லயே உங்களுக்கு நல்லாப் பண்ணுவாங்க."

"அங்க கடைசினு சொல்றாங்க" என்றேன்.

"அப்பப் பண்றேன்னுதானே மேடம் சொல்றாங்க? கொஞ்சம் வெயிட் பண்ணணும், அவ்வளவுதான்."

நான் சட்டத்தைச் சொன்னேன். இந்த நோயைக் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இருப்பதைச் சொன்னேன். கருவிகளை நீராவியில் வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும், இந்தக் கிருமி அதிலும் சீக்கிரம் சாகிற ரகம் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை மேடம். டிபார்ட்மெண்ட்ல இருந்தீங்களா?"

வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு பேர் என் கருத்தை ஒப்புக்கொண்டதில்லை.

"விடுக்கா" என்றாள் தங்கை. "வேன்ல வந்தவுக கேப்பாக. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசி."

வேனில் வந்தவர்கள் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். ஆளுக்கு ஓர் உறவு எங்கள் தெருவில் இருந்தது. ஒனக்கு மட்டும் ஏன் பண்ணல என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் அதற்குப் பதில் இல்லை.

அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வயதான நர்ஸ்தான் பதில் கண்டுபிடித்தார். "வாம்மா எங்கூட" என்று தங்கையைத் தியேட்டர் பக்கம் கூட்டிப் போனார். பச்சை அங்கி போட்டுவிட்டார். உள் அறையில் ஒரு கட்டிலில் படுக்கவைத்தார். மற்றவர்களுக்கு ஆகும் நேரம் ஆனதும் வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, கையைப் பிடித்து வார்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் எல்லோருக்கும் போலக் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். கண் காய்ந்துபோகாமல் இருக்க விடும் சாதாரணச் சொட்டு மருந்து ஒன்றும் கொடுத்தார். "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, போயிட்டு வா" என்றார்.

அந்த இரண்டு நாளில் அவளுக்கு யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது இதுதான். நான் தடுக்கவில்லை.

"உள்ள ஏசி நல்லா இருந்துச்சுக்கா. தூங்கிட்டேன்" என்றாள். திரும்பி வரும்போது வேனில் ஒரு கிழவர் வலித்ததா என்று கேட்டாராம். "மரத்துப்போற ஊசி போட்டாகள்ல, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே மதினி பாலோடு வந்துவிட்டார்.

"ஏத்தா, தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது மதினி."

"நான் என்ன கலர் சேலை கட்டிருக்கேன், சொல்லு பாப்போம்."

"கறுப்புக் கண்ணாடி போட்டாப் பச்சையும் கறுப்புத்தான், செவப்பும் கறுப்புத்தான். போங்க மதினி."

பத்தியம் ஆரம்பமாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது, தையல் ஆகாது. தாளிப்பு நெடி கண்ணில் ஏறும் என்று மதினி தன் வீட்டிலேயே தாளிக்காத குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சீரக ரசம் கொடுத்தார். சொட்டு மருந்தையும் அவரே வந்து கண்ணில் விட்டார். அவருக்கும் புரை என்பதால் பாதிச் சொட்டு கன்னத்தில் விழுந்தது. விடுபவருக்கும் தெரியவில்லை, விட்டுக்கொள்பவளுக்கும் தெரியவில்லை. தெரிகிற ஒரே ஆளான நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏதாவது வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன்.

பத்தியம் முடிந்தது. தெருவைப் பொறுத்தவரை இனி அவளுக்குக் கண் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை. புரை இன்னும் முற்றியிருந்தது. காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். மதினி கொடுத்த ஜாக்கெட்டில் ஹூக்கை வெளிப்பக்கமாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மதினி ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "ஆபீசரம்மா, இதப் பாத்தீகளா? அந்த ஆஸ்பத்திரிக்காரன் பிள்ளையோட கண்ணக் கெடுத்துட்டான். நீங்க கேஸ் போடாம என்ன பண்றீக?"

செய்யாத ஆபரேஷனைத் தப்பாகச் செய்ததற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "பாப்போம்" என்றேன்.

பேச்சு பரவியது. மறுபடி முகாம் வருகிறது என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மதினி போக மாட்டேன் என்றுவிட்டார். "ஏத்தா, ஒன் கண்ணக் கெடுத்த எடத்துக்கு நானும் போயிக் குடுக்கவா?" என்றார். அந்த வாரம்தான் அவர் ஆட்டுக் கயிறு தடுக்கி விழுந்து, முழங்கையில் கட்டோடு இருந்தார். ஆடும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை.

தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னாலதான அவுக போகாம இருக்காக?" என்றாள்.

நான் ஒரு வழி சொன்னேன். "சுகர் ஜாஸ்தியா இருந்துச்சு, அதனால ஆபரேஷன் பண்ணாம அனுப்பிட்டாங்கன்னு சொல்லு." சுகர் கௌரவமான வியாதி. கல்யாண வீட்டில்கூடச் சொல்லலாம்.

"சுகர்னு சொன்னா நாளைக்கே பாவக்காச் சாறோட வந்து நிப்பாக. இன்னொரு பத்தியம் என்னால முடியாதுக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் மதினி வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். தங்கை அவரை உட்காரச் சொன்னாள்.

"மதினி, எனக்கு ஆபரேஷனே நடக்கல."

"என்னத்தா சொல்ற?"

"நடக்கல. உள்ள படுக்க வச்சுக் கட்டு மட்டும் போட்டு அனுப்பிட்டாக."

"ஏனாம்?"

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு மதினி. ரொம்ப வருசமா மாத்திரை சாப்பிடுறேன். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பண்ணல."

மதினி என்னைப் பார்த்தார். நான் பேப்பரை மடித்தேன். அவர் முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் கொண்டாந்த பாலு?"

"குடிச்சேன் மதினி."

"ரசம்?"

"அதையும்தான்."

"நடக்காத ஆபரேஷனுக்கா நான் பத்தியம் பாத்தேன்? தாளிக்காத கொழம்ப எங்க வீட்டு ஆளுகளும்ல தின்னாக! ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் கடுகாச்சும் போட்டிருப்பேன்ல?"

தங்கை தலை குனிந்துகொண்டாள். மதினி எழுந்தார். வாசல் வரை போய் நின்றார். "அந்த ஆஸ்பத்திரி ஒன் கண்ணக் கெடுக்கலங்கிற?"

"ஒண்ணுமே செய்யல மதினி. நீங்க பயப்படாமப் போங்க."

மதினி தெருவைக் கடந்து போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்ற கோபமா, நோய் மேல் பயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மூடிய கதவுதான். வேறு யாரிடமாவது சொன்னாரா என்பதும் தெரியாது. தைக்கத் துணி வரவில்லை. ஆனால் ஹூக் கட்டிய லட்சணத்துக்கு எப்படியும் வந்திருக்காது. பெரியாஸ்பத்திரியில் தங்கைக்கு மறுபடி தேதி கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை, கடைசி.

முகாம் நாளன்று வேன் தெருமுனையில் வந்து நின்றது. தங்கை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

"வண்டி வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு."

"மதினி ஏறுனாகளா?"

மதினி கையில் துணிப்பையோடு வந்து, படியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

"ஏறிட்டாங்க" என்றேன்.

அவள் கேட்டிலிருந்து ஒரு கையை எடுத்தாள். வேன் எங்கள் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். சத்தம் கிட்டே வந்ததும் கையைத் தூக்கி ஆட்டினாள். வேன் வந்த பக்கம் சரியாகத்தான் ஆட்டினாள். கொஞ்சம் உயரம் மட்டும் தப்பு. வேன் போய்விட்டது. கை அப்புறமும் கொஞ்ச நேரம் ஆடியது.

"இங்கிட்டுப் பாத்தாகளா?"

"கண்ணாடியில வெயில் அடிச்சுச்சு. எனக்குத் தெரியல" என்றேன்.

"ஒனக்குமாக்கா?" என்றாள்.